ஃபோல்டருக்கு வரிசை தெரியாது

பைத்தான் சொல்லித்தருபவர்கள் தவறாமல் காட்டும் வித்தை ஒன்று உண்டு. ஒரு ஃபோல்டர் நிறைய ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், வேண்டிய எண்ணை எடுக்க வேண்டும், மூட வேண்டும், அடுத்ததுக்குப் போக வேண்டும். கையால் செய்தால் ஒரு பகல் பொழுது காலி. மூன்று வரியில் ஒரு லூப் எழுதினால்... அவ்வளவுதான், முடிந்தது! வகுப்பு வாயைப் பிளக்கும். சொல்லித்தருபவரும் பெருமையோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

அந்த ஃபைல்கள் எந்த வரிசையில் வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

'பெயர் வரிசையில்தானே வரும், ஃபோல்டரைத் திறந்தால் அப்படித்தானே தெரிகிறது' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். திரையில் தெரிவது அலங்காரம். காட்டுகிற மென்பொருள் அடுக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. பைத்தானில் லிஸ்ட்டிர் என்று கேட்டாலும் சரி, குளோப் என்று கேட்டாலும் சரி, வரிசைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கையேட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பாடத்தில்தான் இல்லை.

'இதெல்லாம் ஒரு பிரச்சனையா?' என்று கேட்பவர்கள் கொஞ்சம் வேதியியல் பக்கம் வர வேண்டும். (காமர்ஸ் மக்கள் ஓட வேண்டாம், கடைசியில் இது நம்ம ஊர் கணக்குப் பாடத்தில்தான் வந்து நிற்கும்.)

2014-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹோய், வில்லோபி முதலானோர் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். ஒரு மூலக்கூறின் அமைப்பு இதுதானா என்று கண்டுபிடிக்க உதவும் கணக்கு அது. கூடவே பைத்தான் ஸ்கிரிப்டுகளையும் கொடுத்தார்கள். ஒரே மூலக்கூறு பல விதமாக வளைந்து நிற்கும். ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு ஃபைல்: ஒன்றில் ஆற்றல், இன்னொன்றில் காந்தப்புலத்தில் அணுக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதன் எண்கள். ஆற்றலை வைத்து எடை போட்டு, எண்களுக்குச் சராசரி எடுக்க வேண்டும். பிகாம் பாஷையில் வெயிட்டட் ஆவரேஜ். பலரும் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

2019-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் சயனோபாக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்த பொருட்களை ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே யூஹெங் லுவோ என்ற மாணவர் கவனித்தது இதுதான்: அதே ஸ்கிரிப்ட், அதே ஃபைல்கள், ஆனால் கம்ப்யூட்டரை மாற்றினால் விடை மாறுகிறது! மேக் மேவரிக்ஸிலும் விண்டோஸ் 10-லும் சரியான விடை. மேக் மொஹாவியிலும் உபுண்டுவிலும் வேறு விடை. அந்த ஆண்டே ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழில் இதைக் கட்டுரையாகப் போட்டார்கள்.

காரணம் அந்த லூப்தான். ஸ்கிரிப்ட் குளோப் மூலம் ஃபைல் பட்டியல் வாங்கி, முதல் ஆற்றல் ஃபைலும் முதல் காந்த ஃபைலும் ஜோடி, இரண்டாவதும் இரண்டாவதும் ஜோடி என்று எடுத்துக்கொண்டது. பழைய மேக்கின் கோப்பு முறையும் விண்டோஸுடையதும் பெயர்களை அடுக்கியே வைத்திருப்பவை. அதனால் ஜோடி பொருந்தியது. லினக்ஸும் 2017-ல் வந்த மேக்கின் புதிய கோப்பு முறையும் அப்படி அடுக்கித் தருவதில்லை. ஒருவரின் எடை இன்னொருவரின் எண்ணுக்குப் போனது. எர்ரர் எதுவும் வரவில்லை. விடை வந்தது. தப்பான விடை, தசமப் புள்ளியோடு கம்பீரமாக!

இந்தக் கதையைக் கேட்டதும் புரோகிராமர்கள் வழக்கமாகச் சொல்வது, 'கையேட்டைப் படிக்காமல் எழுதியவர்கள் தப்பு'. எவ்வளவு சுலபமான தீர்ப்பு! குளோப் என்ற பெயரே யூனிக்ஸிலிருந்து இரவல் வாங்கியது. யூனிக்ஸ் ஷெல்லில் நட்சத்திரக் குறி போட்டால் பெயர்கள் அடுக்கித்தான் வரும். பைத்தான் பெயரையும் குறியையும் வாங்கிக்கொண்டு அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டது. எல்லோரும் கிண்டலடிக்கிற பிஹெச்பி இருக்கிறதே, அதில்கூட குளோப் அடுக்கித்தான் தரும். அடுக்க வேண்டாம் என்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும். இதுதான் மரியாதை. லட்சக்கணக்கான ஃபைல்களை அடுக்க நேரம் பிடிக்குமே என்பார்கள். பிடிக்கட்டுமே. அந்த அவசரம் இருப்பவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நூறு ஃபைல் வைத்திருக்கிற அப்பாவி ஏன் ஏமாற வேண்டும்?

சரி, சார்டட் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? பாதிதான். எழுத்து வரிசையில் அடுக்கினால் பில் 10 வந்த பிறகுதான் பில் 2 வரும். மாதப் பெயரில் ஃபைல் வைத்திருக்கும் கடைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில அகரவரிசையில் ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட், அதற்கு அடுத்து டிசம்பர், பிறகு பிப்ரவரி! வருட மொத்த விற்பனை மட்டும் கூட்டினால் யாருக்கும் தெரியாது, எந்த வரிசையில் கூட்டினாலும் மொத்தம் ஒன்றுதான். ஏப்ரல் முடிவு இருப்பை மே மாத ஆரம்ப இருப்பாக எடுத்துப் போகும் கணக்கு என்றால் அத்தனையும் குப்பை. மொத்தம் டாலி ஆகிவிட்டதே என்று இருந்துவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து.

ஆடிட்டிங் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. வவுச்சர் கட்டில் மூன்றாவதாக இருப்பதால் அது புத்தகத்தின் மூன்றாவது என்ட்ரிக்கானது என்று யாராவது டிக் அடிப்பார்களா? எண்ணைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். கட்டு கீழே விழுந்து கலைந்தாலும் வேலை நடக்கும். இடத்தை நம்பி ஜோடி சேர்ப்பவருக்கு, நடுவில் ஒரு வவுச்சர் காணாமல் போனால் அதற்குக் கீழே எல்லாமே ஒரு படி தள்ளிப்போகும். ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாலும் தள்ளிப்போகும்!

ஆகவே அந்த மூன்று வரிப் பாடத்தில் இன்னும் மூன்று வரி சேர்த்தே ஆக வேண்டும். ஃபைலின் பெயரிலிருந்து எண்ணைப் பிரித்தெடு. அதே எண்ணுள்ள ஜோடியைப் பெயர் சொல்லித் தேடு. கிடைக்காவிட்டால் எந்த ஃபைல் என்று சொல்லிவிட்டு அங்கேயே நில். கல்லூரி லேபில் இதைச் சோதிப்பதும் சுலபம்: மாணவர் எழுதிய ஸ்கிரிப்டை எடுத்து, ஃபைல் பட்டியலை வேண்டுமென்றே குலுக்கிவிட்டு ஓட்ட வேண்டும். விடை மாறினால் மதிப்பெண் கிடையாது. முதல் தடவை எத்தனை பேர் தேறுவார்கள் என்பதுதான் தெரியவில்லை :)