உயரத்தை விடுங்க, லைற்றைப் போடுங்க

"தர்ஜினி மாதிரி உயரமான புள்ள ஒண்டு கிடைச்சாப் பாப்பம்."

வந்தாறுமூலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கலாமா என்று கேட்டுப் போனபோது எங்களுக்குக் கிடைத்த முதல் பதில் இது. தர்ஜினி விளையாடியது வலைப்பந்து. அதைத் திருத்தப் போனால் அனுமதியும் கிடைக்காது என்று வாயை மூடிக்கொண்டு வந்தோம். இப்போது பேசுகிறோம்.

தர்ஜினி சிவலிங்கம் புன்னாலைக்கட்டுவனில் பிறந்தவர், எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 208 சென்ரிமீற்றர் உயரம். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர். அவரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே முடிகிறது. வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, மூன்று செக்கனுக்குள் கைவிட வேண்டும். வளையத்தடியில் எவ்வளவு உயரமானவர் நின்றாலும், தடுக்கிறவரின் கைக்கு மேலால் ஒருத்தி பந்தைச் சரியாக எறிந்து கொடுக்க வேண்டும். அந்த எறி பிறப்பில் வருவதில்லை. நூறு தரம் பிழைவிட்டுப் பழகினால்தான் வரும். பழகும்போது பக்கத்தில் நின்று "இன்னொருக்கா எறி" என்று சொல்ல ஒரு ஆள் வேணும்.

மட்டக்களப்புக்கு இது தெரியாத விசயமா? அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல்போனார். எங்கள் வந்தாறுமூலையும் அந்த வழியில்தான் இருக்கிறது. விளையாட்டு என்று வந்தால் ஒரு ஆள் வருசக்கணக்காகக் கூடவே நிற்க வேண்டும் என்பதை இந்த ஊர் கண்ணால் கண்டிருக்கிறது. பெண்பிள்ளைகள் என்று வரும்போது மட்டும் உயரத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறோம்.

எங்களிடம் போன வருசம் 14 பேர் வந்தார்கள். இப்போது 6 பேர். கட்டை என்பதற்காக ஒருத்தியும் நிற்கவில்லை. மூன்று பேருக்கு நாலு மணி ரியூசன். ஒருத்தி பெரியபிள்ளையானதும் வீட்டில் நிப்பாட்டினார்கள். ஒருத்தி, பள்ளிக்கூடம் விட்டபிறகு கழிவறை பூட்டிக் கிடக்கிறது, மாதத்தில் நாலு நாள் எப்படி வாறது என்று கேட்டாள். அந்தத் திறப்பு யாரிடம் என்று தேடவே எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் அவள் நின்றுவிட்டாள்.

இன்னொருத்தியின் அம்மா சொன்னார்: "உங்கள நம்பாம இல்ல தம்பி. ஆறரைக்கு இருட்டுக்குள்ள புள்ள தனிய வரணும். அந்த றோட்டுல ஒரு லைற்றும் இல்ல." இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்படியான அம்மாமாரைப் 'பிற்போக்கு' என்று முகநூலில் எழுதுவது சுகம். இரண்டு மணி வெயிலில் கிறவுண்டில் நிற்க ஏலாது, வெயில் தணிய நாலு மணியாகும், ஆறு மணி தாண்டினால் இருட்டு. இருக்கிற இரண்டு மணித்தியாலத்திலும் முதல் ஒரு மணித்தியாலம் பொடியன்களின் கிரிக்கெற்றுக்கு.

1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்குக் கூடைப்பந்து பழக்கியபோது, மைதானத்தை மூன்றாகக் கோடுபோட்டுப் பிரித்தார். பெண்கள் முழு மைதானமும் ஓடினால் களைத்துப்போவார்கள் என்பது அந்தக் காலத்து எண்ணம். கூடைப்பந்தில் அந்தக் கோடுகள் அழிந்து பல காலம். எங்கள் பிள்ளைகளுக்குக் கோடுகள் கிறவுண்டுக்கு வெளியே இருக்கின்றன: ஆறு மணி, பெரியபிள்ளை, ஓ.எல்.

மற்றவர்களை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. பரீட்சை, விடுமுறை என்று ஆறு கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தோம். வந்து பார்த்தால் இன்னும் இரண்டு பேரைக் காணவில்லை. "அக்காக்கள் வரல்லெண்டு வீட்ட சொன்னன். அப்ப நீயும் போகத் தேவல்ல எண்டாங்க," என்றாள் ஒருத்தி. தொண்டு என்று சொல்லிக்கொண்டு நினைத்தபோது வந்து போகிற எங்களைப் போன்றவர்களை நம்பி ஒரு அணியைக் கட்ட முடியாது.

அதனால் கிண்ணம் வாங்கினபிறகு படமெடுக்க வருகிறவர்களிடம் இப்போதே கேட்கிறோம். கிறவுண்டுக்கும் அந்த றோட்டுக்கும் லைற் போடுங்க. கழிவறைத் திறப்பை ஒரு பிள்ளையின் கையில் குடுங்க. கிழமையில் இரண்டு நாள் நாலு மணிக்கே கிறவுண்டை விடுங்க. சம்பளம் குடுத்து ஒரு பெண் பயிற்றுநரை மூன்று வருசத்துக்காவது வையுங்க.

இருக்கிற ஆறு பேரில் ஒருத்திக்கு உயரம் 4 அடி 11 அங்குலம். பாஸ் குடுப்பதில் எங்களைவிடக் கெட்டிக்காரி. அடுத்த வருசம் அவளுக்கு ஓ.எல். சோதினை முடிந்த கையோடு அவள் திரும்பி வரவேண்டும். வரும்போது அங்கே யாராவது நிற்கவும் வேண்டும்.