சொல்லும் பொருளும்: ரீஜென்ட்

சென்ற திங்கள் நம் சங்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், தம் மகன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமொன்றைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கொணர்ந்தார். அவர் கணவரை இழந்து ஈராண்டாகிறது. காலஞ்சென்றவர் தம் சம்பாத்தியத்தில் மகன் பேருக்கு ஊர்ப்பக்கம் வாங்கிவைத்த சிறு நிலம் ஒன்று உண்டு. அதனை விலைக்குக் கேட்டு உறவினர் ஒருவர் நெருக்குகிறார். மகனுக்கு வயது 17. அப்பிள்ளை எழுதிய கடிதத்தில், தன் தாயாரே தனக்கு ரீஜென்ட் என்றும், ஆகவே விற்பனைக்கு அவர் கையொப்பமே போதும் என்றும் கண்டிருந்தது.

நாம் முதலில் நகைத்தோம். பின்னர் நகைத்தமைக்கு நாணினோம். மைசூரில் பிறந்து வளரும் பிள்ளை அச்சொல்லை எங்கே கற்றான் என்பது தெளிவு. இந்நகரின் சரித்திரத்தைப் படிப்போர் அச்சொல்லைச் சந்தியாமல் போக இயலாது. அவன் சொல்லைத் தவறான இடத்தில் வைத்தானேயன்றி, அதன் உட்பொருளைப் பெரும்பாலும் சரியாகவே பற்றியிருந்தான்.

ஆளுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது ரீஜென்ட் என்னும் சொல். அரியணைக்கு உரியவர் சிறுவராயிருந்தாலோ, நோயால் செயலற்றிருந்தாலோ, அவருக்காக ஆட்சியை நடத்துபவரே ரீஜென்ட். அவர் நடத்தும் ஆட்சிக்கு ரீஜென்ஸி என்று பெயர். பட்டம் ஒருவருடையது, பொறுப்பு மற்றொருவருடையது என்பதே இச்சொல்லின் உயிர்நிலை. நம் அகராதிகள் சிலவற்றில் 'அரசப் பிரதிநிதி' என்று பொருள் எழுதியிருப்பது மயக்கம் தருவது. வைஸ்ராயையும் நாம் அவ்வாறே சொல்லிவந்தோம். வைஸ்ராயை அனுப்பிய மன்னர் தொலைவில் இருந்தார். ஆனால் ஆளும் தகுதியோடிருந்தார். ரீஜென்ட்டுக்கோ அரசர் பக்கத்து அறையிலே பாடம் படித்துக்கொண்டிருக்கலாம். ஆளும் பருவந்தான் அவருக்கு இன்னும் வரவில்லை.

இதற்கு நம் நகரைவிட நல்ல உதாரணம் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. 1894-ஆம் ஆண்டு டிசம்பரில் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் காலமானார். மூத்த குமாரர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போது வயது பத்து. 1895-இல் அவருக்கு முடிசூட்டப்பெற்றது. ஆட்சிப் பொறுப்போ அன்னையார் வாணி விலாஸ சன்னிதானத்திடம் ஒப்படைக்கப்பெற்றது. அவர் மகாராணி ரீஜென்ட் எனப்பெற்றார். அக்காலத்தின் பெரும்பகுதியில் திவானாயிருந்தவர் பாலக்காட்டுப் பக்கத்தவரான சேஷாத்ரி ஐயர் என்பது நம்மவர் அறிந்ததே.

மரப் பகுதிகள் மிகுந்த பழைய அரண்மனை 1897-இல் தீக்கிரையானபோது, ஹென்றி இர்வின் என்னும் ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு புதியதொன்று எழுப்ப ஏற்பாடு செய்தவர் அவ்வம்மையாரே. ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கலங்காரம் காட்ட நாம் அழைத்துச் செல்வது அக்கட்டடத்தைத்தான். வேதாவதி ஆற்றின் குறுக்கே மாரிக்கணிவையில் அணைவேலை தொடங்கியதும் அவர் காலத்தில். அவ்வணை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்க வயலை எட்டியது. அவ்வயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவருள் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற குடும்பத்தினர் எத்தனையோ பேர். இத்தனையும் செய்தவர் தம்மை அரசி என்று நாட்டிக்கொள்ளவில்லை. 1902 ஆகஸ்டு 8-ஆம் நாள் ஜகன்மோகன் அரண்மனையில் கர்ஸன் பிரபு முன்னிலையில் மகனிடம் ஆட்சி சென்றது. அன்றே ரீஜென்ட் என்னும் பெயரும் நீங்கிற்று. அதன்பின் முப்பதாண்டுக்கு மேல், 1934 வரை, அவர் வாழ்ந்திருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரெசிடெண்ட் என்பது வேறு சொல். அவர் மைசூர் அரசவையைக் கண்காணிக்க ஆங்கில அரசாங்கம் நியமித்த அதிகாரி. அவரையும் மகாராணியையும் ஒரே பத்தியில் எழுதும் மாணவர் இரண்டு சொற்களையும் மாற்றிவிடுவதை நாமே பலமுறை கண்டிருக்கிறோம். ஓரிரண்டு எழுத்து மாறியதும் அன்னையார் அந்நிய அதிகாரியாகிவிடுகிறார்!

குயின் ரீஜென்ட் என்பதும் குயின் ரெக்னன்ட் என்பதும் அவ்வாறே வேறு. முன்னவர் பிறர்க்காக ஆள்பவர். பின்னவர் தம் சொந்த உரிமையால் ஆள்பவர். விக்டோரியா ரெக்னன்ட். பேரனுக்காக மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் ரீஜென்ட். சித்திரைத் திருநாளுக்காக 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட சேது லட்சுமி பாயும் ரீஜென்டே. இச்சொல் பட்டப்பெயரோடு சேருங்கால் பின்னே நிற்கும். இங்கிலாந்தில் 1811 முதல் 1820 வரை தந்தைக்காக ஆண்ட இளவரசரைப் பிரின்ஸ் ரீஜென்ட் என்பரேயன்றி ரீஜென்ட் பிரின்ஸ் என்னார். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு உறுப்பினரையும் ரீஜென்ட் என்பதுண்டு. கலிபோர்னியாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர் அச்சொல்லைக் கண்டு அரச குடும்பத்தைத் தேட வேண்டா.

ஒரு குடும்பத்தில் சிறுவனுக்காகப் பொறுப்பேற்பவருக்கு ஆங்கிலச் சொல் கார்டியன் என்பதே. கடிதத்தில் அதனை மாற்றினோம். ஆனால் கையொப்பம் போதும் என்ற வாக்கியத்தை அடித்துவிட நேர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி, தந்தை இல்லாதபோது தாயே இயற்கைக் காப்பாளர். எனினும் பிள்ளையின் பேரில் உள்ள இத்தகைய நிலத்தை நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி அவர் விற்கவோ அடகு வைக்கவோ ஆகாது. மீறி விற்றால், பிள்ளை அந்த விற்பனையைச் செல்லாதென்று அகற்றக் கோரலாம். அனுமதி வேண்டுவோர் விற்பதன் அவசியத்தையோ, பிள்ளைக்கு அதனால் விளையும் தெளிவான நன்மையையோ நீதிமன்றத்துக்குக் காட்டியாக வேண்டும். உறவினரின் அவசரம் அவ்விரண்டில் எதிலும் சேராது என்பது நம் அபிப்பிராயம். உறுதியாக அறிய வக்கீலையும் காணுமாறு சொன்னோம்.

அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். "அப்படியானால் இந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் யாருக்கும் ஒன்றும் கொடுத்துவிட முடியாது என்றுதானே பொருள்?" என்றார். ஆம் என்றோம். அவர் முகம் வாடும் என்றிருந்தோம், மாறாகத் தெளிந்தது. "இதையே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் மறுத்ததாக இராது," என்றார்.

பையன் கடிதத்தை வாங்கிப் படித்தான். ரீஜென்ட் என்னும் சொல் போனதில் அவனுக்குச் சிறிது வருத்தம். வரும் மார்கழியில் தனக்குப் 18 நிறைகிறதென்றும், அதுவரை வீட்டிலாவது அவ்வாறே அழைக்கலாமா என்றும் கேட்டான். அதற்குத் தடை சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்றோம்.