கடல்ல விட்டா கலந்துடுமாம்!

போன வாரம் செய்யூர் டீக்கடையில் ஒரு பெரிய விவாதம். 4000 மெகாவாட் என்று திட்டம் போட்டு, 2013-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் வாங்கி, இன்றுவரை கட்டப்படாத நம்ம ஊர் அனல் மின் நிலையம் பற்றித்தான். "கழிவுத்தண்ணி கடலுக்குப் போனா என்னப்பா? கடல் எவ்ளோ பெருசு, கலந்துடும்" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் டீ இறங்கவில்லை.

இந்த "கலந்துடும்" என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. கடல் ஒன்றும் கரண்டி போட்டுக் கலக்குகிற அண்டா இல்லைங்க. அது அடுக்கடுக்காக இருக்கிறது. அதிலும் நம்ம வங்காள விரிகுடா ரொம்பவே அப்படி. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகள் கொட்டுகிற தண்ணீரால் மேலடுக்கில் உப்பு குறைவு, கனமும் குறைவு. அடியில் இருப்பது குளிர்ந்த, உப்பு கூடிய, கனமான தண்ணீர். இரண்டும் லேசில் சேராது.

இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவிலேயே அலை ஓடுகிறது. இதற்குப் பெயர் உள் அலை. கரையில் நிற்கிற நமக்குக் கண்ணில் படாது. 1970-களில் அந்தமான் கடலில் அளந்து, ஆஸ்போர்ன், பர்ச் என்ற இருவர் 1980-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அங்கே உள் அலையின் உயரம் சுமார் 60 மீட்டர். இருபது மாடிக் கட்டடம்! கடலடி மேடுகள் மீது ஓதம் ஏறி இறங்கும்போது இவை பிறக்கின்றன. நிகோபார் பக்கம் கிளம்பியவை சுமார் ஒரு வாரம் பயணம் செய்து, இலங்கையின் திரிகோணமலைத் துறைமுகத்து நீர்மட்டத்தையே ஆட்டுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

சரி, இதற்கும் கழிவுக்கும் என்ன சம்பந்தம்? உள் அலை கண்டத்திட்டின் சரிவில் ஏறும்போது, மெரினாவில் அலை உடைகிற மாதிரியே அடியில் உடைகிறது. உடைந்ததும் குளிர்ந்த அடித்தண்ணீர் திரள் திரளாகக் கரைப்பக்கம் ஏறுகிறது. மீனுக்குத் தீனி வளர்க்கிற சத்துகளையும் அது கொண்டு வரும், பிராணவாயு குறைந்த நீரையும் கொண்டு வரும். அது உள்ளே வந்த அளவுக்கு வேறொரு அடுக்குத் தண்ணீர் வெளியே போகும். ஆக, கடல் எடுத்துக்கொண்டு மட்டும் போவதில்லை, திருப்பியும் கொடுக்கிறது. "கலந்துடும்" என்பவர்கள் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறார்கள்.

நெம்மேலியையே பாருங்கள். 2013-லிருந்து தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கிற ஆலை. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆலைகளில் உள்ளே இழுக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் கெட்டியான உப்புநீராகக் கடலுக்கே திரும்புகிறது. அது கனமானது, அடியில்தான் தங்கும். அடித்தண்ணீர் எந்த மாசத்தில் வெளியே போகிறது, எந்த ஓதத்தில் கரைக்குத் திரும்புகிறது என்று அளக்காமல் "கலந்துடும்" என்றால் அது விஞ்ஞானம் இல்லை, வேண்டுதல்.

இது புது விஷயமும் இல்லை. 1950-களிலேயே ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வந்த லாஃபாண்ட், கடலின் வெப்ப அடுக்குகள் ஓதத்தோடு ஏறி இறங்குவதை விசாகப்பட்டினத்தில் அளந்தார். எழுபது வருஷமாகத் தெரிந்த சமாச்சாரம்! கடப்பாக்கத்தில் வலை போடுகிறவரிடம் கேளுங்கள், மேல்தண்ணி ஒரு பக்கம் போகுது, அடித்தண்ணி ஒரு பக்கம் இழுக்குது என்பார்.

உடனே "நீ வளர்ச்சிக்கு எதிரியா?" என்று கிளம்பாதீர்கள். நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கடலில் குழாய் போடும் முன், மேலே மட்டும் இல்லாமல் அடிவரைக்கும், ஒரு நாள் மட்டும் இல்லாமல் இரண்டு பருவமழையும் சேர்த்து ஒரு வருஷம் முழுக்க அளந்து பாருங்கள். அளந்ததைத் தமிழில் எழுதிக் குப்பத்து மக்கள் கையில் கொடுங்கள். அப்புறம் பேசுவோம் வளர்ச்சியைப் பற்றி.

டிஸ்கி: நான் படிப்பது பி.காம்., கடலியல் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை நீட்டினால் எங்க வாத்தியார்கூட மார்க் போட மாட்டார்.