கோடை விடுமுறையும் உரையாடும் யந்திரமும்

கோடை விடுமுறை என்றதும் நம் நினைவுக்கு வருவன பாட்டி வீடு, மாங்காய், வடகம், உறவினர் திருமணம். கல்லூரிக்குச் சென்ற பின்னும் பெண்களுக்கு இப்பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவு என்னும் துறைக்கு அப்பெயர் வழங்கலானதே, 1956இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த ஒரு கோடைக்கால ஆய்வுத் திட்டத்தை ஒட்டித்தான்! 1966ஆம் ஆண்டுக் கோடையில் எம்.ஐ.டி.யில் மாணவர்களைக் கொண்டு கணிப்பொறிக்குக் கண் பார்வை தர முயன்றனர். இரண்டே மாதங்களில் பெரும்பகுதியை முடித்துவிடலாம் என்று எண்ணினார்களாம்! பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆயினும் அப்பணியை ஒருங்கிணைத்த ஜெரால்டு சஸ்மன் அப்போது பட்டப்படிப்பு மாணவரே. பின்னர் அங்கேயே பேராசிரியரானார்.

இன்று யந்திரம் மனிதருடன் உரையாடுகிறது. யாருடைய பேச்சு அதற்கு விளங்குகிறது என்பதே நம் கேள்வி. 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தனர். வெள்ளையர் பேச்சில் நூறு சொற்களுக்குச் சராசரியாக 19 பிழைகள். கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 35. இரு சாராரும் பேசியது ஆங்கிலமே! யந்திரத்துக்கு வஞ்சம் ஏது? கறுப்பின மக்களின் குரல்களைக் கொண்டு அதைப் போதிய அளவு பழக்கவில்லை என்பதே ஆய்வாளர் கருத்து. அப்படியானால் நம் தெருவில் மீன் விற்கும் அம்மாவின் தமிழையும், பல் விழுந்த பாட்டியின் தமிழையும் அதற்கு யார் கேட்கச் செய்வது? அவர்களோடு வளர்ந்த பெண்கள் ஆய்வுக்கூடத்தினுள் இருக்க வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. நம் நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் கூட்டாகக் கோடைக்கால ஆய்வுத் திட்டம் நடத்துகின்றன. தேர்வு பெறுவோர் இரண்டு மாதங்கள் ஒரு விஞ்ஞானியின் கீழ் பணிபுரியலாம், உதவித்தொகையும் உண்டு. கணிப்பொறி இயலும் அதில் அடங்கும். (ஆசிரியைகளும் விண்ணப்பிக்கலாம் என்பதை நம் டீச்சர்கள் கவனிப்பார்களாக!) மாறாக, நம்மிடமே பெருந்தொகை கேட்டுச் சான்றிதழ் மட்டும் தரும் 'பயிற்சி'களை நாம் ஐயத்துடனேயே நோக்குகிறோம்.

"பெண் பிள்ளையைத் தனியே இரண்டு மாதம் அனுப்புவதா?" அண்ணன் போனால் அது அனுபவம், தங்கை போனால் கவலை. பெற்றோரின் கவலை வீண் என்று நாம் கூறவில்லை. எந்த விடுதி, வழிகாட்டி யார், உடன் தங்குவோர் எவர் என்று கேளுங்கள். ஒரு முறை நேரில் சென்றும் பாருங்கள். கேட்குமுன்னே 'வேண்டாம்' என்பதைத்தான் நாம் மறுக்கிறோம்.

விண்ணப்பங்கள் கோடைக்குப் பல மாதங்கள் முன்னரே பெறப்படுகின்றன. ஆகவே கல்லூரியில் படிக்கும் நம் அக்காமார் கிறிஸ்துமஸ் விடுமுறை வரை காத்திராமல், தீபாவளிக்கு வீடு வரும்போதே அப்பாவிடம் பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது.