மூன்று நாள் ஸ்டாக்ஹோமும் ஒரு சிட்டி பாஸும்

ஸ்டாக்ஹோமுக்கு மூன்று நாள் டூர் என்று முடிவானதுமே பலரும் செய்கிற முதல் காரியம், சிட்டி பாஸ் வாங்குவது. ஒரே கட்டணம், அதற்குள் டஜன் கணக்கில் மியூசியம், படகுச் சவாரி, மாடி திறந்த பஸ் எல்லாம் அடக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ் கைக்கு வந்த நிமிடமே ஊர் பார்க்க வந்தவர் கணக்குப்பிள்ளையாக மாறிவிடுகிறார். "கொடுத்த காசுக்கு இன்னும் மூணு இடம் பாக்கி இருக்கு" என்று மனைவி மக்களை இழுத்துக்கொண்டு ஓட்டம்.

செலவழித்த காசு செலவழித்ததுதான், அடுத்த முடிவை அதை வைத்து எடுக்கக்கூடாது என்பது காமர்ஸ் படிப்பில் ஆரம்பத்திலேயே வரும் பாடம். சங்க் காஸ்ட் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட டூர் போனால் மறந்துவிடுகிறார்கள் :-)

சரி, கணக்கையே பார்ப்போம். வாசா மியூசியத்தை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். 1891-ல் ஆர்தர் ஹாசெலியஸ் தொடங்கிய ஸ்கான்சன், பழைய வீடுகளும் பண்ணைகளும் விலங்குகளுமாகக் குன்றின் மேல் பரந்து கிடக்கும் திறந்தவெளி மியூசியம். அதற்கு அரை நாள். ஜூனில் 18 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும், உண்மைதான். ஆனால் சூரியன் இருக்கிறதே என்பதற்காக மியூசியம் திறந்திருக்காது, மாலையானதும் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் பகலே சுமார் 6 மணி நேரம்தான். திங்கட்கிழமை விடுமுறை விடும் மியூசியங்களும் உண்டு. ஆக ஒரு நாளைக்கு உருப்படியாக இரண்டு இடம். அந்த இரண்டுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துவிட்டல்லவா பாஸைத் தொடவேண்டும்? வாசாவில் 18 வயது வரை டிக்கெட்டே கிடையாது. பிள்ளைகளுக்கும் சேர்த்து பாஸ் எடுக்கிறவர் இதைப் பார்த்திருக்கமாட்டார். போதாக்குறைக்கு இந்த மாதிரி பாஸ்களில் மெட்ரோவும் பஸ்ஸும் பெரும்பாலும் சேராது, அதற்குத் தனிக் காசு.

வாசாவின் கதையே இந்த மாதிரி திட்டக்காரர்களுக்காக நடந்தது போலிருக்கும். இரண்டு தளங்களில் பீரங்கி, உடம்பெல்லாம் மரச்சிற்பம். கிளம்புவதற்கு முன் 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பயந்து சோதனையையே நிறுத்திவிட்டார்கள். கப்பலை நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் போய், காற்றில் சாய்ந்து மூழ்கியது. 333 வருடம் கழித்து 1961-ல் தூக்கினார்கள். இதை நாற்பது நிமிடத்தில் பார்த்துவிட்டு அடுத்த மியூசியத்துக்கு ஓடுகிறவர் எதற்குத்தான் அங்கே வரவேண்டும்?

காசு மிச்சமாகிற இடங்கள் வேறு. முதலாவது ஏர்போர்ட். ஸ்காவ்ஸ்டா என்ற ஏர்போர்ட்டுக்கும் 'ஸ்டாக்ஹோம்' என்று பெயர் ஒட்டியிருக்கும். ஊரிலிருந்து அது சுமார் 100 கிலோமீட்டர். மலிவு டிக்கெட்டில் லாபமானது பஸ் கட்டணத்திலும் நேரத்திலும் போய்விடும். மூன்று நாளில் அரை நாள் என்பது சின்ன விஷயமில்லை. பெரிய ஏர்போர்ட்டான ஆர்லாண்டாவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் 20 நிமிடத்துக்குள் கொண்டுவிடும், விலையும் அதற்கேற்ற மாதிரி. சாதாரண ரயில் சுமார் இரு மடங்கு நேரம் எடுத்தாலும் செலவு குறைவு. அடுத்தது சாப்பாடு. வார நாட்களில் மதியம் 'டாகென்ஸ் ரெட்' என்று ஒரு தட்டு கிடைக்கும், சாலட், ரொட்டி, காபி எல்லாம் பெரும்பாலும் விலைக்குள்ளேயே. ராத்திரி அதே ஹோட்டலில் உட்கார்ந்தால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்.

படகுச் சவாரிதான் வேண்டும் என்றால் ஸ்லுசனிலிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் போகும் படகு இருக்கிறது. நகரப் போக்குவரத்து டிக்கெட்டே போதும். வாசாவும் ஸ்கான்சனும் அந்தத் தீவில்தான். மெட்ரோ ஸ்டேஷன்களில் பலவற்றில் பாறையைக் குடைந்து அப்படியே ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். குங்ஸ்டிரெட்கோர்டன் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இவற்றையெல்லாம் தாண்டி பாஸில் ஏறிப் பார்க்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நோபல் விருந்து நடக்கும் நகர மண்டபத்தை மட்டும் விட்டுவிடக்கூடாது. உள்ளே கைடோடுதான் விடுவார்கள். அங்கே 'நீல மண்டபம்' என்று பெயர், உள்ளே போனால் செங்கல் சிவப்பு!

பணம் மாற்றுகிற விஷயத்திலும் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் முதன்முதலில் வங்கி நோட்டு அச்சடித்த ஊர் இது, 1661-ல். அப்போது செப்புப் பணம் தட்டு தட்டாக, ஒன்றே 20 கிலோ வரைக்கும் இருந்ததாம்; அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக முடியாமல்தான் காகிதம் வந்தது. அளவு மீறி அச்சடித்து அந்த வங்கி கவிழ்ந்து, 1668-ல் இப்போதைய மத்திய வங்கி வந்தது. அதே ஊரில் இன்று நோட்டை நீட்டினால் பல கடைகளில் வாங்கமாட்டார்கள், கார்டுதான். அதனால் கட்டுக்கட்டாக குரோனா மாற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. நண்பர் யாராவது பழைய டூரில் மிஞ்சியதைக் கொடுத்தால் இன்னும் ஜாக்கிரதை: 2015-17-ல் நோட்டு, காசு பெரும்பாலும் மாறிவிட்டன, பழையது செல்லாது.

பாஸே கூடாது என்று சொல்வதற்கில்லை. காலை மியூசியக் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்கிற, ஒன்றைப் பார்த்ததும் அடுத்ததற்கு ஆசையாகக் கிளம்புகிற ஆசாமிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது லாபம்தான். மற்றவர்கள் நாளுக்கு ஒரு இடத்தை மட்டும் உறுதி செய்துகொண்டு மீதியைக் காலியாக விடலாம். தேதி குறிக்கும்போது மட்டும் ஜூன் 19-லிருந்து 25-க்குள் வரும் அந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அது மிட்சம்மர் பண்டிகைக்கு முந்தைய நாள். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் கிராமத்துக்கும் தீவுகளுக்கும் போய்விடுவார்கள், ஏகப்பட்ட கடைகள் பூட்டிக் கிடக்கும்.