வரிசையில் நிற்பவர்களே, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்!



பொங்கல் விழாவுக்கு எந்தப் படம் போடுவது என்று நம் சங்கச் செயற்குழு கூடியபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு தோழர் எழுந்து, "மேற்குத் தொடர்ச்சி மலை போடலாம்" என்றார். "அதுல யாரு நடிச்சிருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "நம்மள மாதிரி ஆளுங்கதான்" என்று பதில் வந்தது. கூட்டமே சிரித்தது. "பண்டிகையும் அதுவுமா அழுகைப் படமா?" என்று இன்னொருவர் பேச்சை முடித்து வைத்தார். நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். வழக்கம்போல் ஒரு பெரிய நடிகரின் படத்தைப் போட்டோம். நாற்காலி போதவில்லை. விசில் காதைக் கிழித்தது.

இரண்டு வாரம் கழித்து, அந்தத் தோழரின் பிடிவாதம் தாங்காமல், ஒரு ஞாயிறு மாலை அவர் கேட்ட படத்தையும் போட்டோம். வந்தவர்கள் 19 பேர். அவர்களில் ஒருவர், தேனிப் பக்கமிருந்து வந்து தாராவியில் இட்லி அவித்து விற்கும் ஓர் அம்மா. படம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கதாநாயகன் ஏலக்காய் மூட்டையைச் சுமந்து மலையிறங்கும் காட்சியைப் பற்றி, "மூட்டை இன்னும் கனமா இருக்கும் தம்பி. எங்கண்ணன் கழுத்து கடைசி வரைக்கும் நிமிரவே இல்ல" என்றார். எத்தனையோ ஆண்டுகளாக நம் விழாக்களுக்கு வருகிற அந்த அம்மா, ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

அன்றிரவு எங்களை உறுத்திய கேள்வியை இப்போது உங்கள் முன் வைக்கிறோம். நம்மைப் பற்றி எவனும் படம் எடுப்பதில்லை என்று ஓயாமல் குறை சொல்கிறோமே, எடுத்தபோது நாம் எங்கே போயிருந்தோம்?

மறைத்தவர்கள் யார்?

பழி முழுவதையும் நம் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. இந்தப் படங்களை நம் கண்ணில் படாமல் வைத்திருப்பதில் லாபம் காணும் கூட்டம் ஒன்று உண்டு. 1965-ல் ஜெயகாந்தன், சேரி மக்களின் வாழ்வை வைத்துத் தாமே எழுதிய 'உன்னைப் போல் ஒருவன்' கதையைத் தாமே படமாக எடுத்தார். சத்யஜித் ராயின் 'சாருலதா' முதல் பரிசு பெற்ற அதே தேசிய விருதில் இந்தப் படம் மூன்றாம் பரிசு பெற்றது. ஆனால் அது யாருடைய கதையோ, அந்த மக்களின் கொட்டகைக்கு அது எத்தனை நாள் வந்தது? நட்சத்திரம் இல்லை, பாட்டில்லை, எனவே வியாபாரம் இல்லை என்று கணக்குப் போட்டவர்கள், அந்தக் கணக்கைப் பார்வையாளன் தலையில் எழுதினார்கள். "ஜனங்க இதைத்தான் கேக்குறாங்க" என்பது அவர்கள் வேதவாக்கு. காட்டாத பண்டத்தை எவன் கேட்பான்?

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980-களில் ஞாயிறு மதியம் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பில் விருது பெற்ற மாநில மொழிப் படங்கள் வரும். சந்துக்கு ஒரு பெட்டி. தமிழின் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். சந்தா இல்லை, டிக்கெட் இல்லை, யார் வீட்டு வாசலிலும் உட்காரலாம். அந்தச் சின்னச் சன்னலையும் சாத்தியவர்கள் உண்டு. ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாக விருது பெற்றது. அதை ஒளிபரப்பப் போவதாக 1989-ல் தூர்தர்ஷன் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திக்கொண்டது. விருது கொடுத்த அரசே ஜனங்களுக்குக் காட்ட அஞ்சியது!

இன்று பெட்டி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆனாலும் நிலைமை மாறவில்லை. கைப்பேசியைத் திறந்தால், எவன் விளம்பரத்துக்குக் கோடி கொட்டினானோ அவன் முகம்தான் முன்னால் வருகிறது. சின்னப் படம் பத்து அடுக்குக்குக் கீழே கிடக்கிறது. பேர் தெரிந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். பேர் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பேர்களைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

இவற்றைப் பாருங்கள்!

லெனின் பாரதி இயக்கி 2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. கூலிக்காரன் ரங்கசாமிக்கு ஒரே ஆசை, கையகல நிலம். காசு சேர்க்கிறான், இழக்கிறான், மறுபடி சேர்க்கிறான். நிலமும் வாங்குகிறான். விதையும் உரமும் கடனாகி அந்த நிலத்தை விழுங்குகின்றன. கடைசியில் தன் நிலத்தில் எழுந்த காற்றாலைக்கு அவனே காவல்காரன். ஊரில் நிலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து எவன் கட்டடத்துக்கோ இரவுக் காவல் இருக்கும் தோழரே, இது யார் கதை?

செழியன் இயக்கி 2019-ல் திரைக்கு வந்த 'டுலெட்'. 2007-ஆம் ஆண்டுச் சென்னை. வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிட்டார். கணவனும் மனைவியும் சின்னப் பையனோடு தெருத்தெருவாக வீடு தேடுகிறார்கள். என்ன வேலை, என்ன சாதி, என்ன சாப்பிடுவீர்கள் என்று கேள்விகள். பின்னணி இசைகூடக் கிடையாது. இந்த ஊரில் "மதராசியா?" என்ற ஒரே கேள்வியோடு கதவு சாத்தப்பட்டவர்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. நம்மை அயலான் என்று சாத்தினார்கள். அங்கே தமிழனைத் தமிழனே சாத்துகிறான்.

பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. ஒரு பெண் சென்னையில் சிறு வீடு கட்டப் படும் பாடு. சிமெண்ட் திருட்டை அம்பலப்படுத்துகிறவள் சித்தாள் வேலை செய்யும் ஒரு பெண். கட்டடங்களில் கல் சுமந்த நம் தாய்மார்களுக்கு, வாய் திறந்து நியாயம் கேட்கும் அப்படியொரு பாத்திரத்தை எந்தப் பெரிய படம் கொடுத்தது? அதன் மூல நெகட்டிவே அழிந்துபோனதாக இயக்குநரே வருந்திச் சொன்னார். பார்ப்பார் இல்லாத படம் இப்படித்தான் சாகும்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', 2021. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் படம்தான். குடிகாரத் தகப்பனும் பள்ளிக்கூடப் பையனும் கொதிக்கும் வெயிலில் நடக்கிறார்கள். மழை பொய்த்த மண்ணும் அந்த நடையும்தான் படம். ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதல் பரிசான புலி விருது கிடைத்தது. நம் ஊர்க்காரனுக்கு அது வந்ததே தெரியாது.

இந்த நகரத்தைப் பற்றி ஒன்று. ஆனந்த் பட்வர்தன் 1985-ல் எடுத்த ஆவணப்படம் 'பம்பாய் ஹமாரா ஷஹர்'. குடிசை இடிப்புகளைப் படமாக்கியது. 1961-ல் சேலத்திலிருந்து வேலை தேடி வந்த ஒரு நிலமற்ற கூலியின் குடிசையை 1981 ஜூலையில் மாநகராட்சி இடித்து, குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பியது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மீண்டும் இந்த நகரத்தின் நடைபாதைக்கே வந்தார். இது கதையல்ல, உச்ச நீதிமன்றத்தின் 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவானது. பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமையின் பகுதியே என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, குடிசைகளை அகற்றும் அதிகாரத்தையும் மாநகராட்சிக்கு விட்டுவைத்தது. அந்தக் காலத்து நடைபாதை எப்படி இருந்தது என்று நம் பேரப்பிள்ளைகள் காண வேண்டுமானால், பட்வர்தனின் படத்தைத்தான் காட்ட வேண்டும். எந்த நட்சத்திரப் படமும் காட்டாது.

"களைத்து வந்தவனுக்கு மறதி வேண்டாமா?"

இந்தக் கேள்வி நியாயமானதுதான். பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவன் இரண்டரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போகட்டும். அதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் முதல் நாள் முதல் காட்சிக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, அசல் விலைக்குப் பல மடங்கு கொடுத்து, அட்டை உருவத்துக்குப் பால் ஊற்றுவதா களைப்பாறுவது? நம் குழந்தைக்கு வாங்காத பாலை அட்டைக்கு ஊற்றுகிறோமே! நம் பிள்ளைகள் தமிழ்நாட்டை நேரில் பார்த்தது விடுமுறைக்குப் போன பத்து நாள். மீதித் தமிழ்நாட்டைத் திரையில்தான் பார்க்கிறார்கள். அங்கே கூலிக்காரன் என்றால் அடி வாங்குகிறவன், அல்லது கதாநாயகனுக்குக் கும்பிடு போடுகிறவன். தகப்பன் மூட்டை தூக்குவதைச் சொல்லக் கூசும் பிள்ளை அப்படித்தான் உருவாகிறான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். காசில்லாமல் எடுத்ததெல்லாம் நல்ல படமாகிவிடாது. விருது வாங்கியதாலேயே தூக்கம் வராமல் இருந்துவிடாது. ஏழையைக் காட்டி வெளிநாட்டில் கைதட்டு வாங்கும் படமும் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு, "இது பொய்" என்று நம் வாயால் சொல்லும் உரிமையும் நமக்கு வேண்டும். மூட்டை இன்னும் கனமாக இருக்கும் என்று அந்த அம்மா சொன்னாரே, அதைவிடப் பெரிய விமரிசனம் எந்தப் பத்திரிகையில் வந்துவிட்டது?

கை கோத்தால் முடியும்

நம்மால் என்ன முடியும் என்று சோர்ந்து போகாதீர்கள். குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய் போட்டு, 1976-ல் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு முதலாளிகள் ஆனார்கள். தங்கள் படத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தவர்களும் அவர்களே. 2024-ல் அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டுக் கேன் விழாவில் காட்டப்பட்டது. இங்கே நாசிக் மாவட்டத்து மாலேகாவில், விசைத்தறி நகரத்தின் உழைப்பாளிகள் சொற்பக் காசில் தங்களுக்கென்று படம் எடுத்துத் தாங்களே நடித்தார்கள். அவர்களைப் பற்றி 2008-ல் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' என்ற ஆவணப்படம் வந்தது. அதில் சூப்பர்மேனாக வருபவர் ஒரு தறித் தொழிலாளி. தறி ஓட்டும் கைகளால் முடிந்தது நம் கைகளால் முடியாதா?

நம்மைப் படம் எடுக்கச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறோம். மாதத்தில் நான்காவது ஞாயிறு, மாலை 4 மணி, சங்கக் கூடம். விடியுமுன் எழுந்து மாவு ஆட்டும் பெண்களும் வந்து நேரத்தோடு வீடு திரும்பத்தான் இந்த நேரம். ஆளுக்கு 10 ரூபாய், பிள்ளைகளுக்கு இலவசம். திருட்டுப் பிரதி போட மாட்டோம். எடுத்தவர்களிடம் எழுதிக் கேட்டு, அனுமதி பெற்று, வசூலில் அவர்களுக்கும் பங்கு அனுப்புவோம். உழைப்புக்குக் கூலி கேட்கும் நாம் அடுத்தவன் உழைப்பைத் திருடலாமா? படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு. பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுந்து சொல்லுங்கள்.

முதல் படம் மறுபடியும் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. போன முறை சிரித்தவர்கள் அத்தனை பேரும் வர வேண்டும், செயற்குழு உறுப்பினர்களான நாங்கள் உள்பட. நட்சத்திரப் படத்துக்கு விடியற்காலை 4 மணிக்கு வரிசையில் நிற்கத் தெரிந்த நமக்கு, நம் கதைக்கு மாலை 4 மணிக்கு வந்து உட்காரவா தெரியாது?

அன்றைக்கு 19 நாற்காலி போட்டோம். இம்முறை 100 போடுகிறோம். காலி நாற்காலியைப் பார்த்து முதலாளி சிரிக்கட்டுமா, நிறைந்த கூடத்தைப் பார்த்து வாய் மூடட்டுமா? முடிவு உங்கள் கையில்!