கோபுரம் உண்டு, கொள்ளளவு இல்லை

ஏலக்காயின் விலை இன்று இணையத்தில் முடிவாகிறது. உடும்பஞ்சோலை வட்டத்தின் புற்றடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்குவதற்குக் கூட விரல்ரேகை வலைப்பின்னலில் ஏறிச் சரிபார்க்கப்பட வேண்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலி வழியிலான வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. இவ்வாறு உழைக்கும் மக்களின் ஊதியத்தையும் உணவையும் கல்வியையும் இணையத்தோடு பிணைத்துவிட்ட ஒன்றிய அரசு, அந்த இணையத்தைத் தோட்ட லயங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பைச் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டது.

அதன் விளைவை மலைச்சரிவுகளில் காணலாம். கைப்பேசித் திரையில் 4ஜி என்ற எழுத்து தெரியும். பாடக் காணொளியோ நகராது. காரணம் பெரும்பாலும் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் மைய வலைப்பின்னலோடு இணைக்கப்பட வேண்டும். "பேக்ஹால்" எனப்படும் இந்தப் பின்னிணைப்பு கண்ணாடி இழை வழியாகவோ, உரிமம் பெற்ற நுண்ணலை வானொலி வழியாகவோ அமைகிறது. கண்ணாடி இழையின் கொள்ளளவு மிகப் பெரிது; ஆனால் தூரம் கூடக்கூடச் செலவும் கூடும். நுண்ணலையில் செலவு இரு முனைகளின் கருவிகளோடும், ஆண்டுதோறும் செலுத்தும் அலைக்கற்றைக் கட்டணத்தோடும் நிற்கும். ஆகவே மலைப்பகுதிகளில் நிறுவனங்கள் நுண்ணலையை நாடுகின்றன. அதில் தவறில்லை. எவ்வளவு கொள்ளளவு, யாருடைய கணக்கின்படி என்பதே கேள்வி.

இந்தியாவில் நுண்ணலை அலைக்கற்றை 28 மெகாஹெர்ட்ஸ் கொண்ட துண்டுகளாக ஒதுக்கப்படுகிறது. வழக்கமான கருவியைக் கொண்டு ஒரு துண்டில் நொடிக்கு ஏறக்குறைய 200 மெகாபிட் அனுப்பலாம். இந்த ஒற்றை இணைப்பில் நான்கு கோபுரங்களைத் தொடராகக் கோத்தால், ஒரு கோபுரத்துக்கு 50 மெகாபிட். ஒரு கோபுரத்தின் கீழ் நூறு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், ஒருவருக்கு அரை மெகாபிட். கோபுரங்களின் எண்ணிக்கையைக் காட்டி "முழுப் பரவல்" என்று பெருமை பேசும் அறிக்கைகள் இந்த எளிய வகுத்தல் கணக்கைச் சொல்வதில்லை.

கொள்ளளவைக் கூட்ட வழிகள் இருக்கின்றன. இரண்டாவது துண்டைப் பெறலாம். ஒரே அலைவரிசையை இரு முனைவாக்கங்களில் செலுத்தி இரட்டிப்பாக்கலாம். 71 முதல் 86 கிகாஹெர்ட்ஸ் வரையிலான ஈ-பேண்டில் ஆயிரம் மெகாபிட்டுக்கும் மேல் செலுத்தலாம். ஆனால் அலைவரிசை உயர உயர மழை அதனை விழுங்கும். பருவமழை கொட்டும் மலையில் ஈ-பேண்ட் நம்பத்தக்கதாக எட்டுவது ஓரிரு கிலோமீட்டர் தூரமே. 7 கிகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மழையைத் தாங்கி நெடுந்தூரம் செல்லும், கொள்ளளவு குறைவு. எனவே நகரத்துக்குப் பொருந்தும் மலிவான தீர்வை மலைக்கு அப்படியே ஏற்ற முடியாது.

மலையில் இணைப்பு அறுந்தால் என்ன நேரும் என்பதை அண்டை வட்டமான தேவிகுளத்தில் கண்டோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்த நிலையில், செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை அடைந்தது. சாலையோரக் கண்ணாடி இழை சாலையோடு சேர்ந்தே சரியும். ஆகவே மலைக்குக் கண்ணாடி இழையும் வேண்டும்; அது அறுந்தால் தாங்கிப் பிடிக்க நுண்ணலையும் வேண்டும்; இரண்டையும் இயக்க மின்கலமும் வேண்டும். வருவாயை மட்டும் பார்க்கும் கணக்கு இதனை வீண்செலவு என்றே எழுதும்.

ஒன்றிய அரசின் கட்டண முறையும் இந்தக் கணக்குக்கே துணைநிற்கிறது. நுண்ணலைக் கட்டணம் நெடுங்காலமாக நிறுவனத்தின் வட்டவாரியான வருவாயில் விழுக்காடாக வசூலிக்கப்பட்டு வருகிறது. ஒருசில மலைக் கோபுரங்களுக்காகக் கூடுதல் துண்டு பெற்றாலும், கட்டணம் மாநில வட்டம் முழுவதன் வருவாய் மீது ஏறும். 2022 ஜூனில் 13, 15, 18, 21 கிகாஹெர்ட்ஸ் துண்டுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. ஆனால் அதில் ஒரு பங்கையேனும் பின்தங்கிய மலைப்பகுதிகளுக்குப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிபந்தனை எங்கே? 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பின்னிணைப்பு அலைக்கற்றையை ஏலமின்றி நிர்வாக வழியில் ஒதுக்க வகைசெய்கிறது. ஏலமின்றிக் கொடுக்கப்படும் பொதுச்சொத்துக்கு ஈடாகப் பொதுக்கடமையைக் கேட்பது அரசின் உரிமை. அது கேட்க மறுக்கிறது.

கடமையுணர்வோடு மலையேறக்கூடிய பொதுத்துறையின் நிலை என்ன? தனியார் நிறுவனங்கள் 4ஜியில் கொழித்த ஆண்டுகளில் பிஎஸ்என்எல் முடக்கப்பட்டது. 2020 தொடக்கத்தில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். அதன் நாடு தழுவிய 4ஜி சேவை 2025 செப்டம்பரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கிடையே, 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ஒரே நேரத்தில் கட்டணங்களை உயர்த்தின.

மாற்றுவழி கற்பனையல்ல. 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கேரளத்தின் கே-ஃபோன், மாநில மின்வாரியத்தின் மின்தடங்களையும் கம்பங்களையும் பயன்படுத்திக் கண்ணாடி இழையைக் கொண்டு செல்கிறது. 20 லட்சம் வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற அதன் இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. வேகம் கூட்டப்பட வேண்டும். எனினும் பாதை சரியானது. மின்வாரியத் துணைமின் நிலையம் வரை பொதுக் கண்ணாடி இழை, அங்கிருந்து லயங்களுக்கு நுண்ணலை என்ற திட்டம் உடும்பஞ்சோலைக்குப் பொருந்தும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு கோபுரத்தின் பின்னிணைப்புக் கொள்ளளவும் பொதுமக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். பின்தங்கிய தோட்டப் பகுதிகளின் நுண்ணலைக் கட்டணத்தையும் மாற்று இணைப்புச் செலவையும் டிஜிட்டல் பாரத் நிதி ஏற்க வேண்டும். அந்த நிதி தொலைத்தொடர்பு வருவாயில் 5 விழுக்காடு பெற்று, இத்தகைய தேவைக்காகவே உருவானது. பிஎஸ்என்எல்லும் கே-ஃபோனும் கட்டமைப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தேனியிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளர்களுக்கு எல்லை ஒரு தடையல்ல. கேரள, தமிழ்நாடு வட்டங்கள் என்ற அலைக்கற்றைப் பிரிவினையும் தடையாகக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இராமக்கல்மேட்டின் முகட்டுக்கு நேர்ப்பார்வை இருக்கிறது.

கூலி, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றோடு இணைப்பையும் தோட்டத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மலைக்குத் தேவையான கொள்ளளவை அளக்க வேண்டியது மழை கொட்டும் இரவின் தேவையைக் கொண்டே. நிறுவனங்களின் இலாபக் கணக்கைக் கொண்டு அல்ல.